ஒரு படி தவுடு

என் புள்ள. இவ்வளவுதான் சொல்லோணும். ரெண்டே வார்த்தை. வக்கீலம்மா காலையில பஸ் ஸ்டாண்டுலயே என்னைப் புடிச்சு நிறுத்திச் சொல்லிட்டாங்க, "நவமணி, உள்ள போனா அழக்கூடாது, சண்டைக்கு நிக்கக்கூடாது, ஊர்க்கதையெல்லாம் இழுக்கக்கூடாது. குழந்தை யாருதுன்னு கேப்பாங்க. என் குழந்தைன்னு சொல்லுங்க, போதும்." போதுமாமா! அந்தம்மாவுக்கென்ன, கறுப்புக் கோட்டை முழங்கையில போட்டுக்கிட்டு, டீயக் குடிச்சுக்கிட்டே சொல்லிப்போட்டாங்க. அந்த வார்த்தை இந்த வாயில வந்து நாலரை மாசம் ஆச்சு. வராம அடக்கி வெக்கறதுக்கு நான் பட்ட பாடு எனக்கும் பாப்பாத்தியக்காளுக்கும்தான் தெரியும். பக்கத்துல தூக்குப்போசிய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது அதுதான், பாப்பாத்தியக்கா, ரைஸ் மில்லுக் களத்துல எங்கூட நெல்லுத் தொழாவுற பொம்பள, எனக்கு அடுத்த வீடு. காலையில இருந்து ஒரு வார்த்தை பேசல. அது வாயத் தொறந்தா மூட ஒரு மணி நேரம் ஆகும், இன்னிக்குப் பொட்டாட்ட உக்காந்திருக்குது, அதுதான் எனக்குக் கெதக்குனு இருக்குது. மணி பத்தரை. எங்களுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு கேஸு. இந்தக் கமிட்டிக்கு நான் என்ன புதுசா? பெத்தவ சரியாப் பாத்துக்கலன்னு புள்ளைய எடுத்து ஹோம்ல விட்டுட்டா, அந்தப் புள்ள திரும்ப வீட்டுக்குப் போலாமா கூடாதான்னு முடிவு பண்றவங்க இவங்கதான். மூணு புள்ளைக்கும் இதே மாடிப்படி ஏறியாச்சு. இந்தப் பெஞ்சுல எந்த ஓரத்துல ஆணி துருத்திக்கிட்டு இருக்குதுன்னு எனக்குத் தெரியும், சேலை மாட்டாம உக்காரத் தெரியும், பினாயில் வாடைக்கு மூக்கு மரத்துப் போச்சு. எதுத்த செவுத்துல ஒரு போஸ்டர், பல்லு மொளைக்காத புள்ளையொண்ணு வாயத் தொறந்து சிரிக்குது. அஞ்சு வருசமா அதே சிரிப்பு. அதுக்கு மட்டும் வயசே ஆகாதாட்ட இருக்குது. என் புள்ள. என் புள்ளைங்க. ங்க போட்டுச் சொல்றதா, போடாமச் சொல்றதா? போட்டே சொல்லிரலாம். எதுக்கு வம்பு.

சொன்னாப் போயிரும். இதுதான் என் கணக்குல தெளிவா இருக்குது, இந்த வக்கீலம்மாவுக்கு இத எப்பிடிப் புரிய வெக்கறது? மூத்தவ யாழினிக்கு அப்ப நாலு வயசு. நான் ஸ்பின்னிங் மில்லுல பகல் ஷிப்டு. எங்கூட்டுக்காரர் பூபதிக்கு ஆழ்துளைக் கெணறு தோண்டற போர் வண்டியில வேலை, வண்டி ஒரிசாப் பக்கம் போயிருச்சுன்னா எட்டு மாசத்துக்கு மனுசன் மொகத்தப் பாக்க முடியாது. புள்ளைய யாருகிட்ட விடறது? அக்கம்பக்கம் ஒரு நாள் பாப்பாங்க, ரெண்டு நாள் பாப்பாங்க, மூணாம் நாள் மூஞ்சிய நீட்டுவாங்க. சோத்தையும் தண்ணியையும் எட்டற எடத்துல வெச்சு, டிவியப் போட்டுவிட்டு, வெளிய பூட்டிட்டுப் போயிருவேன். வாசல்லயே லாரி போற ரோடு. பூட்டாம விட்டாத்தான் தப்புன்னு நெனச்சேன், சத்தியமா அப்பிடித்தான் நெனச்சேன். ஒருநாள் கரண்டு போயிருச்சு. இருட்டு ரூமு, டிவி நின்னு போச்சு, புள்ள பயந்துக்கிட்டு கத்து கத்துன்னு கத்தியிருக்குது. யாரோ கொழந்தைகளுக்குன்னு இருக்கற பத்துத் தொண்ணூத்தெட்டுக்குப் போன் பண்ணியிருக்காங்க. நான் வந்து பாத்தா பூட்ட உடைச்சுக் கெடக்குது, ஒரு அம்மா என் புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கறாங்க. "இந்தக் குழந்தைக்கு அம்மா யாரு?" "நான்தானுங்க, என் புள்ளைங்க"ன்னு ஓடுனேன். சொன்னேன், கொண்டுக்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப ஒம்பது வயசு. மாசம் ஒருக்கா ஹோமுக்குப் போயிப் பாக்கறேன். போன தடவ, "உங்களுக்குப் பஸ்ஸு எத்தனை மணிக்குங்க"ன்னு கேட்டா, மேனேஜர்கிட்டக் கேக்கறாப்ல. வீட்டுக்குப் போறியான்னு கமிட்டி கேட்டதுக்கு, இங்கயே படிக்கிறேன்னுட்டா. நல்லாத்தான் படிக்கிறா. பதினாறாம் வாய்ப்பாடு மூச்சு விடாமச் சொல்றா. சந்தோசம்தான். சந்தோசம்தானா? விடு, அத இப்ப நெனைக்காத. அப்பறம் கவின். அவனுக்கு எட்டு மாசம். யாழினியப் பாத்துட்டுத் திரும்பற ஒவ்வொரு தடவையும் எனக்கு ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது, ஒரு நாள் கிறுக்குப் புடிச்சாப்ல மருந்தக் குடிச்சுப்போட்டேன். இடுப்புல புள்ள இருக்குதுங்கற ரோசனை எங்க போச்சோ, பாவி மக. ஆஸ்பத்திரிக் கட்டில்கிட்ட ஒரு சார் வந்து நின்னாரு. "பையனோட அம்மா நீங்கதானே?" "ஆமாங்க, என் புள்ளைங்க." "உடம்பு தேறட்டும், அதுவரைக்கும் நாங்க பாத்துக்கறோம், இங்க ஒரு கையெழுத்து." பூபதியும் வந்து என்ன எழுதியிருக்குதுன்னு பாக்காமப் போட்டாரு. அறுபது நாளைக்குள்ள வந்து மனசு மாறிப் போச்சுன்னு சொல்லியிருந்தா திருப்பித் தந்திருப்பாங்களாம். அப்பிடி ஒரு வரி கீழ இருந்துச்சாம். நான் வயிறு ஆறி, எந்திரிச்சு நடை பழகி, செவுத்தப் புடிச்சுக்கிட்டே இந்தப் படியேறி வந்தப்ப அறுபத்து மூணாம் நாளு. மூணு நாளு! மூணு நாள்ல ஒரு சட்டை தொவைச்சுக் காயும், மாவு புளிச்சுப் போகும், அவ்வளவுதான். அதுக்கு ஒரு புள்ளையா? தத்துக்குப் போயிட்டான். வேற ஸ்டேட்டாம். ஊரு சொல்ல மாட்டாங்களாம். இப்ப நாலு வயசு முடியப்போகுது, என்ன பாசையில பேசறானோ, பசிச்சா அதுக்கு என்ன வார்த்தை சொல்றானோ. ரெண்டு தடவையும் கேட்டாங்க, ரெண்டு தடவையும் என் புள்ளன்னேன், ரெண்டு தடவையும் போயிருச்சு. படிச்சவங்க சிரிப்பாங்க. சிரிச்சுக்குங்க.

இது மூணாவது. வயித்துல நின்னப்பவே பாப்பாத்தியக்கா சொல்லிருச்சு, "ஏ புள்ள, பொறந்து தங்காத புள்ளைக்குச் செய்யறதுதான், செஞ்சுரலாம்." "அது செத்துச் செத்துப் போறவங்களுக்குச் செய்யறதுக்கா, என் புள்ளைக உசுரோடதான இருக்குது." "செத்தாத்தானா? கைய விட்டுப் போறதும் அதேதான், பேசாம இரு." பதினோராம் நாளு, வாசல் கூட்டி வாரின குப்பை மேல மொறத்தை வெச்சு, மொறத்துல புள்ளையப் படுக்கப் போட்டுட்டு, நான் திரும்பிப் பாக்காம வீட்டுக்குள்ள போயிரோணும். அக்கா வந்து, "யாரோ குப்பையில போட்டுட்டுப் போன புள்ள, நான் எடுத்துக்கறேன்"னு நாலு பேருக்குக் கேக்கற மாதிரி சொல்லி எடுத்துக்கும். அப்பறம் நான் போயி, ஒரு படி தவுடு அளந்து குடுத்து, "வளக்கறதுக்கு இந்தப் புள்ளையக் குடுக்கா"ன்னு வாங்கிக்கோணும். அதோட முடிஞ்சுது. புள்ள அக்காளுது. நான் வளக்கறவ. பேரும் யாருக்கும் ஆசை வராத பேரா இருக்கோணும்னு குப்பாயின்னு வெச்சோம். எடுக்க வர்றது வந்து பாத்துட்டு, அட இது நவமணி புள்ள இல்லியே, தவுட்டுக்கு வாங்குனதுதானேன்னு அக்கட்டால போயிரும். என்ன வரும், எது போகும்னு கேட்டா எனக்கு என்ன தெரியும்? ரெண்டு தடவை எது வந்துச்சோ அதுதான். நானும் ஒழுங்காத்தான் இருந்தேன். பால் குடுக்கறப்பக் கூட, "உங்கம்மா பாப்பாத்தி வருவா பாரு"ன்னுதான் பேசுவேன். அவ என் மொகத்தையே பாப்பா, கண்ணு முழுசும் நான்தான் இருப்பேன், நான் செவுத்தப் பாத்துக்கிட்டுச் சொல்லுவேன். ஊசி போட வந்த நர்சம்மா, "யாரு குழந்தை"ன்னு கேட்டப்ப, "பாப்பாத்தியக்கா புள்ளைங்க"ன்னேன். அம்பத்து மூணு வயசு அக்காளுக்கு! அந்தம்மா என்னைப் பாத்தாங்க, அக்காளப் பாத்தாங்க, நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டாங்க. அப்பவாச்சும் எனக்கு உறைச்சிருக்கோணும். எதுத்த வீட்டுப் பொண்ணு வேற, மொறத்துல புள்ளைய வெச்சதையும் தவுடு அளந்ததையும் செல்லுல புடிச்சு, வேடிக்கையா இருக்குதுன்னு ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கா. அது ஊர் சுத்தி வர்றப்ப, குப்பையில கெடந்த குழந்தைய தவுட்டுக்கு வித்த தாய்னு ஆயிருச்சு. அந்தப் பொண்ணு வந்து என் கால்ல விழுந்து அழுதுச்சு, அதையும் குத்தம் சொல்ல முடியல. ஏழு வாரத்துக்கு முன்னாடி ஜீப்பு வந்துச்சு. நான் ஒண்ணுமே சொல்லல, என் புள்ளன்னு வாயே தொறக்கல, இருந்தும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அப்ப சொன்னாலும் போகுது, சொல்லாட்டியும் போகுது. அப்பிடின்னா தவுடு பலிக்கலியா? இல்ல, பலிச்சதாலதான் திரும்பி வர்றதுக்கு ஒரு வழி இருக்குதா? மத்த ரெண்டு பேருக்கும் இந்த அளவுக்குக் கூட வழி இல்லியே. ஐயோ, மண்டை சுத்துது. போன வாய்தாவுல கண்ணாடி போட்ட சார் கேட்டாரு, "பெத்த குழந்தைக்குக் குப்பைன்னு பேர் வெச்சிருக்கீங்களே, உங்களுக்குப் பாசமே இல்லியா?" பாசம் இல்லாதவளா குப்பைன்னு வெப்பா? பாசம் இல்லாட்டி நாலு பேரு மெச்சற மாதிரி ஒரு பேரப் பாத்து வெச்சுட்டுப் போயிருக்க மாட்டனா? ஹோம்ல ரியான்னு கூப்புடறாங்களாம். நல்ல பேருதான். எடுக்கறவங்களுக்கு நல்லா ஆசை வர்ற பேரு.

முன்னாடி இருந்த ரெண்டு கேஸும் முடிஞ்சுது. படியில செருப்புச் சத்தம். ஹோம் ஆயா. தோள்ல மஞ்சக் கவுன் போட்ட புள்ள. முடி வளந்துருச்சு, காதுக்கு மேல சுருட்டிக்கிட்டு நிக்குது, யாழினிக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு. காலு ரெண்டும் குண்டாயிருக்குது. நல்லாத்தான் பாத்துக்கறாங்க, அதுல கொறை சொல்ல மாட்டேன். எந்திரிச்சுப் போயி வாங்கோணும்னு கை தானாப் போகுது, வக்கீலம்மா என் மணிக்கட்டைப் புடிச்சு, "ஆர்டர் வர்ற வரைக்கும் தொடாதீங்க நவமணி"ன்னாங்க. பாலு வத்தி மூணு வாரம் ஆச்சு, இருந்தும் மாரு கடுக்குது. அவ ஆயாளோட சங்கிலியப் புடிச்சு வாயில வெச்சுக்கிட்டு என்னைத் தாண்டி உள்ள போறா. ஒருக்காத் திரும்பிப் பாத்தா. என்னைப் பாத்தாளா, போஸ்டரப் பாத்தாளா? போஸ்டரத்தான் பாத்திருப்பா. அஞ்சு மாசக் கொழந்தைக்கு என்ன தெரியும், தெரிய விட்டவ நானா? கதவத் தொறந்து பியூன் தலைய நீட்டறாரு. "பாப்பாத்தி யாருங்க? உள்ள வாங்க." அக்கா தூக்குப்போசிய என் மடியில வெச்சுட்டு எந்திரிச்சுது. "அக்கா, சொன்னது ஞாபகம் இருக்குதில்ல? அது எங்க பழக்கமுங்க, சாங்கியத்துக்குச் செஞ்சதுங்க, புள்ள நவமணியோடதுங்க. அம்புட்டுத்தான்." தலைய ஆட்டுச்சு. ஆட்டுன ஆட்டுல ஆமாவும் இல்ல, இல்லையும் இல்ல. கதவு சாத்திருச்சு. என்ன இவ்வளவு நேரம்? மூணு வரி சொல்றதுக்கு எத்தனை நேரம் ஆகும்? உள்ள ஒரு கொரல் ஒசருது, அந்தக் கண்ணாடிக்காரரு கொரல்தான். அக்கா அழுகுதா? அது அழுகற ஜாதி இல்ல, களத்துல பாம்பு வந்தப்ப வெறுங்காலோட நின்னு தொரத்துன பொம்பள. ஒருவேளை தவுட்டப் பத்தி விசாரிக்கறாங்களா? யாரு அளந்தது, எத்தனை படின்னு? கேளுங்க, நல்லாக் கேளுங்க. பூபதிக்கு ஒரு போன் போடலாமா? போட்டா லைன் கெடைக்காது, கெடைச்சா, "என்னாச்சு"ம்பாரு, "இன்னும் ஆகல"ம்பேன், "ஆனதும் சொல்லு"ம்பாரு. எதுக்கு? என் புள்ள. என் புள்ளைங்க. வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்தேன். நாக்கு பல்லுக்கு வந்து நிக்குது, அங்க இருந்து நகர மாட்டேங்குது.

அக்கா வெளிய வந்துச்சு. மொகம் வேர்த்து ஊத்திக் கெடக்குது. "என்னக்கா சொன்னீங்க?" "என்ன சொல்றது. என் புள்ளைங்கன்னு சொன்னேன்." "என்னது?" "என் புள்ளைங்க, குப்பையில கெடந்துச்சு, நான் எடுத்தேனுங்க, அவகிட்ட வளக்கறதுக்குக் குடுத்திருக்கறனுங்கன்னு சொன்னேன்." "அடிப் பாவி! அடிப் பாவி அக்கா, கெடுத்தியே குடிய! அப்ப வித்ததா ஆயிருமே, நீயும் ஜெயிலுக்குப் போவ, நானும் போவேன், அவ ஹோம்லயே கெடப்பா!" வக்கீலம்மா நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க. அக்கா மொகத்துல ஒரு வீம்பு. "உம் புள்ளன்னு எப்பிடிடி என் வாயால சொல்லுவேன்? குப்பையில இருந்து எடுத்த நானே சொன்னா முறிஞ்சு போயிருமல்ல? வாசல் வரைக்கும் வந்துட்டேன் புள்ள, நீ சொன்ன மாதிரியே சொல்லிரலாம்னுதான் போனேன். அந்தக் கொழந்தை என்னைப் பாத்துச் சிரிச்சுது. சிரிக்கற புள்ளைய எப்பிடிக் காட்டிக் குடுக்கறது?" எனக்கு வந்த கோவத்துக்கு அந்தத் தூக்குப்போசியத் தூக்கி அது மண்டையில போட்டிருப்பேன். போடல. ஏன்னா உள்ளுக்குள்ள, இத நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், உள்ளுக்குள்ள எனக்கு நிம்மதியா இருந்துச்சு. இந்த ஒலகத்துல ஒருத்தியாச்சும் என் புள்ளைக்காகப் பொய் சொல்லி மாட்டிக்கிட்டு வந்து நிக்கறாளே. அடுத்த நிமிசமே கணக்கு ஒதைக்குது. இப்ப நான் உள்ள போயி என்ன சொன்னாலும் ஒருத்தி பொய்க்காரி. "நவமணி." கூப்புட்டுட்டாங்க.

பெரிய மேசை. நடுவுல தலைவரம்மா, முழுசும் நரைச்ச கொண்டை, ரிட்டயர்டு டீச்சராட்டம் இருப்பாங்க. பக்கத்துல கண்ணாடி சார். ஓரத்துல கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கற புள்ள. ஜன்னல்கிட்ட ஆயா, அவ தோள்ல அவ. நான் அந்தப் பக்கம் பாக்கல. "அந்தம்மா குழந்தை தன்னுதுங்கறாங்க, பிரசவ ரெக்கார்டு உங்க பேர்ல இருக்குது. இது விற்பனை இல்லாம என்னங்க?"ன்னாரு சாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள தலைவரம்மா, "சார், எங்க சின்னத் தாத்தா பேரே தவுட்டய்யன். என்ன நடந்திருக்கும்னு எனக்குத் தெரியும்"னாங்க. "சட்டத்துல தவுடு கெடையாதுங்க மேடம்." "கெடையாது. அதனாலதான் வாக்குமூலம் வேணுங்கறேன்." என் பக்கம் திரும்புனாங்க. "இங்க பாருங்கம்மா. பழக்கத்த நான் குத்தம் சொல்லல. ஆனா உங்க வாயால சொன்னாத்தான் எழுத முடியும். இந்தக் குழந்தை யாரு குழந்தை?" பேன் ஓடுது. டைப் அடிக்கற புள்ள விரலை மேல வெச்சுக்கிட்டுக் காத்திருக்குது. மூணாம் தடவை கேக்கறாங்க. இதே கேள்வி. சொன்னாப் போயிரும், சொன்னாப் போயிரும், சொல்லாட்டி இப்பவே போயிரும். ஜன்னல்கிட்ட ஒரு தும்மல். சின்னத் தும்மல். ஆயா முந்தானையால மூக்கத் தொடைக்கறா. சளி புடிச்சிருக்குதா? யாருமே சொல்லலியே? "என் புள்ளைங்க"ன்னேன். எனக்கே என் சத்தம் புதுசா இருந்துச்சு. சொல்லிட்டேன். போச்சா? ஒண்ணும் ஆகல. பேன் ஓடுது. அப்பறம் என்னால நிறுத்த முடியல. "என் புள்ளைங்க. நான் பெத்ததுங்க. யாழினியும் என் புள்ளைங்க, ஒம்பது வயசு, பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுவா. கவினும் என் புள்ளைங்க, இடது தோள்ல மச்சம் இருக்குதுங்க, மூணு நாளு லேட்டா வந்துட்டனுங்க. மூணும் என் புள்ளைங்க. எழுதிக்குங்க." அந்தப் பொண்ணு தடதடன்னு அடிச்சுச்சு. யாரும் என்னைத் தடுக்கல. நான் மூச்சு வாங்கி நின்னதும் தலைவரம்மா ரொம்ப மெதுவாச் சொன்னாங்க, "இன்னிக்கு விசாரணை இந்தக் குழந்தைக்கு மட்டும்தாம்மா. அந்தப் பையனோட பைல் முடிஞ்சு போச்சு. பெரியவ விவகாரம் வேற. அந்தப் பேரெல்லாம் இதுல இருந்தா நான் ஆர்டர் போட முடியாது." டைப் அடிக்கற புள்ளையப் பாத்து, "எடுத்திரும்மா." அது என்னை ஒருக்கா நிமிந்து பாத்துச்சு. அப்பறம் ஒரே பட்டன, டக்கு டக்கு டக்குன்னு, ஒவ்வொண்ணா. பேப்பர் வந்துச்சு. "சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க. இன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போலாம். வாரா வாரம் ஆள் வந்து பாப்பாங்க." படிச்சேன். ஒரு குழந்தைக்குத் தாய்னு இருந்துச்சு. போட்டேன். ஆயா அவளைக் கொண்டாந்து குடுத்தா. கனமா இருந்தா, பவுடர் வாசம், உள்ளங்கால் சூடு. ஆயா கை விட்டதும் ஓன்னு கத்துனா, என் மூக்கப் புடிச்சுத் தள்ளுனா. "பழகிருவா"ன்னாங்க தலைவரம்மா. "ஆமாங்க"ன்னேன். கதவுகிட்ட வரைக்கும் வந்துட்டேன், கால் நகரல. திரும்பி வந்து அந்தப் பொண்ணுகிட்டக் குனிஞ்சு, "கண்ணு, மூணு பேரும் எழுதியிருந்தீங்கல்ல, அந்தப் பேப்பர் எனக்குத் தருவீங்களா, சும்மா வீட்டுல வெச்சுக்கறேன்"னேன். அது தலைவரம்மாளப் பாத்துச்சு, அப்பறம் கீ போர்டப் பாத்துச்சு. "அது பேப்பர்ல வரவே இல்லீங்கக்கா"ன்னுச்சு.